கடல் கடந்தவன் படித்த நான்கு நாவல்கள்



அண்மையில் படித்த நாவல்கள் சிலவற்றைப் பற்றி, ஒரு வாசகன் என்ற முறையில், என் சொந்தக் கருத்துகளைச் சொல்ல வந்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் விமரிசகன் அல்லன். இலக்கியக் கொள்கை எதனையும் நிலைநாட்ட வந்தவனும் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். பகற்பொழுதெல்லாம் சுற்றறிக்கைகளையும் ஆணைகளையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது என் தொழில். அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் அது குற்றம். அதனாலேயே, ஒரு சொல்லுக்குள் பல பொருள் குடியிருக்கும் நாவல்களை இரவில் நாடிச் செல்கிறேன்.

நான் வாழும் இடம் அந்தமான். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; கப்பலில் வந்தால் மூன்று நாள் ஆகும். எனக்குத் தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வைப்பேன். அவர்களோ வடகத்தையும் ஊறுகாயையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில்தான் புத்தகத்தைத் திணிப்பார்கள். ஆகையால் என் கையில் வந்து சேரும் நாவலுக்குச் சில வேளைகளில் மாவடு மணமும் இருப்பதுண்டு.

அந்த மணத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக நாவல்களில் நான் தேடியதே அந்த மணத்தைத்தான். காவிரிக் கரையில் பிறந்தவன் நான். தி. ஜானகிராமனின் 'மோக முள்' நாவலை இத்தீவுக்கு வந்த பிறகு மூன்று முறை படித்தேன். பாபுவுக்காகவும் யமுனாவுக்காகவும் படித்தேன் என்று சொன்னால் அது பொய். கும்பகோணத்துத் தெருக்களுக்காகப் படித்தேன். கதையில் ஒருவர் ஆற்றங்கரைக்குப் போனால் நானும் உடன் போவேன். அவர் திரும்பிய பிறகும் நான் அங்கேயே நிற்பேன். வெளி மாநிலங்களில் வாழும் உங்களுள் பலருக்கும் இந்த நோய் இருக்கும் என்பது என் ஊகம். தில்லியில் இருப்பவர் தாமிரபரணியைத் தேடுவார். மும்பையில் இருப்பவர் மதுரை வீதிகளைத் தேடுவார். நாவல் நமக்கு ஊருக்குப் போய்வரும் வழியாகிவிடுகிறது.

ஒரு நாள் இரவு என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நீங்க படிக்கிற கதையிலே எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போகணும்னே நினைச்சுக்கிட்டிருக்காங்களே! போன இடத்துலேயே இருந்துட்டவங்க கதை கிடையாதா?" அவள் இத்தீவில் பிறந்தவள். பள்ளியில் இந்தி, தெருவில் இந்தியும் வங்காளமும், வீட்டில் தமிழ். ஊர் என்று நான் சொல்லும்போது என் மனத்தில் எழுவது ஓர் ஆற்றங்கரை. அவள் மனத்தில் எழுவது, விடுமுறையில் கப்பலேறிச் சென்று பாட்டியைப் பார்த்துவரும் ஓர் இடம், அவ்வளவே. அன்று அவளுக்கு நான் விடை சொல்லவில்லை. ஆனால் அதன்பின் படித்த நான்கு நாவல்களையும் அந்தக் கேள்வியோடுதான் படித்தேன். அவற்றுள் எதுவும் நேற்று வெளிவந்ததன்று. நான் படித்ததுதான் அண்மையில்.

முதலாவது, ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி'. 1972-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் சுமத்திராவிலுள்ள மெடான் நகருக்குப் பிழைக்கச் சென்றவர். போர் முடிந்தபின் 1946-இல் தமிழகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியாற்றினார், 1997-இல் காலமானார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. மற்றொன்று, 'கடலுக்கு அப்பால்'.

மெடான் என்றால் வெகுதொலைவு என்று நினைக்க வேண்டாம். நிக்கோபார்த் தீவுகளின் தென்கோடியாகிய இந்திரா முனைக்கும் சுமத்திராவின் வட விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். நாவலின் தொடக்கத்தில் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைகிறது. அதே 1942 மார்ச்சில்தான் அப்படை போர்ட் பிளேருக்குள்ளும் நுழைந்தது. கதைத்தலைவன் பாண்டியன், வட்டித்தொழில் செய்யும் கடைகளின் உலகத்திலிருந்து கிளம்பி, தொங்கான் என்னும் பாய்க்கப்பலில் புயலைக் கடந்து பினாங்கு சேர்ந்து, இந்திய தேசிய இராணுவத்தில் புகுகிறான். அதன் தலைவராகிய நேதாஜி 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் தேசியக் கொடியை ஏற்றினார். அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்று ஐயுற்று 44 பேரை ஹம்ஃப்ரிகஞ்சில் ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். இந்த இரண்டு நாள்களையும் அறிந்தவன் பாண்டியனின் கதையை வீரகாவியமாகப் படிக்க முடியாது. விடுதலை என்ற சொல்லும் அச்சம் என்ற சொல்லும் ஒரே தெருவில் நடமாடிய காலம் அது. அந்தக் கலக்கத்தைச் சிங்காரம் மறைக்கவில்லை. அவருடைய பெருமைகளுள் முதன்மையானது அதுவே என்பது என் துணிபு.

மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசைப்படி அமைந்த அந்தக் கடைகளின் வாழ்க்கையும், மலாய்ச் சொற்கள் கலந்து ஒலிக்கும் அந்தத் தமிழும் எனக்கு மிகவும் உவப்பாயிருந்தன. பினாங்கில் பாண்டியனும் நண்பர்களும் கூடித் தமிழரின் பழம்பெருமைப் பேச்சை எள்ளி நகையாடும் பகுதி எனக்கு உறைத்தது. நாங்கள் இருப்பதோ ஸ்ரீ விஜயபுரம். இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையும், அவன் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்று நிக்கோபார் பெயர் பெற்றிருப்பதும் எங்கள் விழா மேடைகளில் தவறாமல் முழங்கும். கைதட்டுபவர்களுள் நானும் ஒருவன். ஆனால் கைதட்டி முடித்தபின், அந்தக் கப்பல்களில் துடுப்பு வலித்தவன் யார், அவன் வீட்டார் என்ன ஆனார்கள் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் சிங்காரம்.

குறை இல்லையா என்றால் உண்டு. பெண்கள் இந்நாவலில் பெரும்பாலும் ஆண்களின் நினைவிலோ ஆசையிலோதான் வருகிறார்கள். தாமாகப் பேசும் பெண்ணைக் காண்பது அரிது. கப்பலேறிப் போனவனின் மனம் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. ஊரில் காத்திருந்தவளின் மனம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கதைக்கட்டும் சில இடங்களில் தளர்ந்து போகிறது. இருப்பினும், பாண்டியன் பிறந்த மண்ணை எண்ணும் பக்கங்களைப் படித்தபோது என் கும்பகோணத்து நோய் எனக்கே விளங்கிற்று. அவன் நினைவில் இருக்கும் ஊர், அவன் விட்டு வந்த அன்றே நின்றுபோன கடிகாரம். அங்கே யாருக்கும் வயதாவதில்லை. பாண்டியன் ஊர் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அந்த ஊர் அவனுக்குக் கிடைத்திருக்காது.

இரண்டாவது நாவல், மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'. 2022-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அந்தப் பெயரைக் கேட்டவுடன் எங்கள் சிற்றறைச் சிறையைப் பற்றிய கதை என்றே எண்ணி வாங்கினேன். படித்தால் கதை வேறு. 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், சிவகங்கையின் பெரிய உடையணத் தேவரும் மற்றவர்களுமாக 73 பேரைக் கும்பினியார் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினர். அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். உடையணத் தேவர் சுமத்திராவின் பென்கூலனில் அந்த ஆண்டிலேயே உயிர் நீத்தார். இதுவே நாவலின் களம்.

இந்த வரலாற்றோடு எங்கள் தீவுக்கும் ஓர் உறவு உண்டு. 1858-இல் அமைந்த கைதிகள் குடியிருப்பைத்தான் எல்லோரும் அறிவர். அதற்கு முன்பே 1789-இல் ஆங்கிலேயர் அந்தமானில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கி, காய்ச்சலும் சாவும் பெருகியதனால் 1796-இல் கைவிட்டனர். அப்போது இங்கிருந்த கைதிகளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் அதே பினாங்குதான். ஆகவே, சிவகங்கை மன்னரின் கப்பல் வங்கக் கடலைக் கடந்தபோது அந்தமானில் கைதிகளின் குடியிருப்பு எதுவும் இல்லை. நாடு கடத்தும் தொழில் மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

இந்நாவலைப் பற்றி என் கருத்து இருவகைப்பட்டது. ஆசிரியர் இந்திய ஆட்சிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆவணங்களைத் தேடிச் சேர்த்த உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அந்த உழைப்பே சில இடங்களில் பாரமாகவும் இருக்கிறது. நாளும் பெயரும் பதவியும் அடுக்கிவரும்போது, நாவல் படிக்கிறோமா, கோப்புப் படிக்கிறோமா என்ற ஐயம் எழுகிறது. கோப்புகளிலிருந்து தப்பி நாவலுக்கு வருகிற என்போன்றவனுக்கு இது சற்றுக் கொடுமையே. ஆனால் கப்பலின் அடித்தளத்தில் விலங்கு பூட்டப்பட்டுக் கிடக்கும் மனிதர்களிடம் கதை வரும்போது அந்தக் குறை மறந்துபோகிறது. நேற்று வரை மன்னன், இன்று எண்ணிக்கையில் ஒருவன். அந்த வீழ்ச்சியை ஆசிரியர் உரத்த குரலில் சொல்லாமல், உணவு, தண்ணீர், படுக்க இடம் ஆகியவற்றின் வழியாகச் சொல்லியிருப்பது எனக்குப் பிடித்தது.

நூலை மூடியபின் எனக்கு நினைவுக்கு வந்தது வரலாற்றில் உள்ள ஒரு சிறு செய்தி. அந்தப் போரில் பங்குகொண்ட வெல்ஷ் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் 1830-இல் தம் நினைவுகளை நூலாக்கினார். 1818-இல் பினாங்கு சென்றிருந்தபோது முதுமையுற்றவர்போல் ஒருவர் தம் முன் வந்து நின்றதாகவும், அவர்தாம் தாம் முன்பு இளைஞனாக அறிந்திருந்த துரைசாமி என்று தெரிந்து திடுக்கிட்டதாகவும் அதில் எழுதியிருக்கிறார். பதினாறு ஆண்டுகளில் ஒரு மனிதன் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறான். பாண்டியன் தானாகக் கப்பலேறினான், துரைசாமி ஏற்றப்பட்டான். இருவருக்கும் ஊர் ஒரே அளவு தொலைவில்தான் இருந்தது. ஆனால் பாண்டியன் ஊரை நினைத்துப் பேச அவனுக்கு நண்பர்கள் இருந்தார்கள். துரைசாமியோடு பேசியவர் யார் என்பதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி.

மூன்றாவது நாவல், ஜோ டி குருஸ் எழுதிய 'ஆழி சூழ் உலகு'. 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் கடல் கடந்து போகிறவர் கதை இல்லை. நாள்தோறும் கடலுக்குப் போய், நாள்தோறும் கரைக்குத் திரும்ப வேண்டியவர்களின் கதை. ஆமந்துறை என்னும் பரதவர் ஊரின் அரை நூற்றாண்டு வாழ்வை விரிக்கிறார் ஆசிரியர். கடலில் மரம் சிதைந்து தத்தளிக்கும் மூவர் ஒருபுறம்; அந்த ஊரின் மூன்று தலைமுறை மறுபுறம். மூவர் என்ன ஆனார்கள் என்று அறியும் ஆவலோடு நாம் ஊரின் கதையைக் கடந்து செல்கிறோம். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

இந்நாவலின் மொழி முதலில் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. பரதவர் பேச்சு வழக்கு அது. காவிரிக் கரையில் பிறந்த எனக்குக் காற்று என்றால் காற்றுதான். கடற்கரையில் பிறந்தவருக்கோ வாடை வேறு, கொண்டல் வேறு, கச்சான் வேறு, சோழகம் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு காலம், ஒரு மீன். தமிழ் தெரியும் என்ற என் செருக்கு முதல் ஐம்பது பக்கங்களில் அடங்கிற்று. ஓய்வு பெற்ற மீனவர் ஒருவர் எங்கள் குடியிருப்புக்கு அருகில் இருக்கிறார். குமரி மாவட்டத்திலிருந்து வந்தவர். அவரிடம் சில சொற்களுக்குப் பொருள் கேட்கப் போனேன். நான் கேட்ட சொற்களுக்கு விளக்கம் தந்துவிட்டு, நான் கேளாத சொற்கள் இருபதையும் தந்தனுப்பினார். பத்து ஆண்டுகளாகத் தெருவில் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்த மனிதரோடு நான் முதன்முறையாக உட்கார்ந்து பேசியது அன்றுதான். அதற்கு ஒரு நாவல் வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. அந்த நாவலிடம் நன்றியும் பிறக்கிறது.

இதிலும் குறை உண்டு. மாந்தர் கூட்டம் மிகப் பெரிது. யார் யாருடைய மகன் என்பதை நினைவில் வைக்க நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டு படித்தேன். மரணங்கள் அடுத்தடுத்து வருவதால், சில மரணங்களுக்குத் துயரப்படவும் நேரம் கிடைப்பதில்லை. ஆனால் கடற்கரை வாழ்வே அப்படித்தானோ என்று பிறகு தோன்றிற்று. நாவல் வெளிவந்த அதே ஆண்டு, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கார் நிக்கோபாரும் கச்சாலும் அன்று பட்ட துன்பத்தை இத்தீவினர் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கச்சால் தீவில்தான், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் சிலர் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து தாயகம் என்ற பெயரில் இன்னொரு தீவுக்கு வந்து, அங்கே அலையையும் கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஊர் எது? என் மகளின் கேள்வி இங்கே மறுபடியும் வந்து நின்றது.

அதற்கு விடைபோல் வந்தது நான்காவது நாவல். அது தமிழ் நாவலே அன்று. வங்க எழுத்தாளர் அதீன் பந்த்யோபாத்யாய் 1971-இல் வெளியிட்ட நாவலின் தமிழாக்கம். பெயர், 'நீலகண்டப் பறவையைத் தேடி'. தமிழில் ஆக்கியவர் கொல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி. வெளி மாநிலத்தில் வாழ நேர்ந்த ஒரு தமிழர், தாம் வாழ்ந்த மண்ணின் மொழியைக் கற்று, அதன் செல்வத்தைத் தம் மக்களுக்கு அனுப்பிவைத்தார். நம்மைப் போன்றவர்கள் செய்யத்தக்க தொண்டுகளுள் இதனினும் உயர்ந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.

கதை நடப்பது பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்காளத்தில். ஆற்றங்கரைத் தர்ப்பூசணி வயலுக்குக் காவல் இருக்கும் ஈசம் ஷேக்கிடமிருந்து கதை தொடங்குகிறது. முதலாளி வீட்டில் சோனா என்ற குழந்தை பிறக்கிறது. அந்த வீட்டின் மூத்தவர், கற்றுத் தேர்ந்தவர், ஓர் ஆங்கிலப் பெண்ணின் மேல் கொண்ட காதல் நிறைவேறாததனால் சித்தம் கலங்கி ஊரைச் சுற்றிவருகிறார். பசி தாளாமல் குளத்தில் கிழங்கு தேடி மூழ்கி இறக்கும் ஜாலாலி என்ற ஏழைப் பெண் ஒருத்தி வருகிறாள். அந்தப் பகுதியைப் படித்தபின் அன்று இரவு என்னால் உணவு கொள்ள முடியவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே மழையில் நனைந்து வாழ்ந்த ஊர், மெல்ல மெல்ல இரண்டாவதை ஆசிரியர் யார் மேலும் பழி சுமத்தாமல் காட்டுகிறார். கடைசியில் குடும்பம் நாட்டை விட்டுக் கிளம்பும்போது, எங்கோ திரியும் பெரியப்பா திரும்பி வந்தால் தங்களைத் தேடித் தவிப்பாரே என்று, தாங்கள் இந்துஸ்தானம் போய்விட்ட செய்தியை ஒரு மரத்தின் மேல் செதுக்கி வைத்துவிட்டுப் போகிறான் சிறுவன் சோனா.

பல்லாண்டுகள் அலுவலக நடையில் எழுதிப் பழகிய என் கண்ணுக்கு, இத்தமிழாக்கத்தில் சில தொடர்கள் நீண்டுவிட்டனவாகப் பட்டன. கதையும் விரைந்து செல்லும் கதை அன்று. ஆற்று நீர்போல் வளைந்து வளைந்து போகிறது. பொறுமை இல்லாதவர்கள் நூறு பக்கத்துக்குள் கீழே வைத்துவிடக்கூடும். வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் வங்காளி. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை 1949 முதல் இத்தீவுகளில் குடியேற்றினார்கள். அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை அவர். நான் இந்நூலைப் படிப்பதைக் கண்டு, என்ன புத்தகம் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறிற்று. அதன் மூலத்தை அவர் படித்திருக்கிறார். "அந்த மரத்தடிப் பகுதி வந்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார். வந்துவிட்டது என்றேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "சோனா தன் தந்தையின் அண்ணனை ஜ்யாடாமஷாய் என்று கூப்பிடுவான். உங்கள் மொழியில் அந்த உறவுக்கு என்ன பெயர்?" என்றார். பெரியப்பா என்றேன். அதன் பொருளைக் கேட்டார். பெரிய தகப்பன் என்று சொன்னேன். அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "உங்கள் சொல்லுக்குள்ளே தகப்பன் இருக்கிறாரே, அப்படியானால் அந்தப் பையன் தகப்பனை அல்லவா விட்டுவிட்டு வந்திருக்கிறான்!" என்றார்.

நாள்தோறும் நூற்றுக்கணக்கான சொற்களை இடம் மாற்றி வைக்கிற எனக்கு, ஒரு சொல் கடலைக் கடப்பதென்றால் என்ன என்பது அன்றுதான் விளங்கிற்று. நான் பிறந்தது முதல் சொல்லிவந்த சொல்லின் ஆழத்தை எனக்குக் காட்டியவர் தமிழ் அறியாத ஒருவர். அதைவிட வியப்பு இன்னொன்று. அந்த நாவல் முடிகிற இடத்தில் தொடங்குகிற கதை என் பக்கத்து வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. மரத்தில் செய்தி செதுக்கிவிட்டு வந்த சிறுவர்கள் பலர் இங்கே வந்து, காடு திருத்தி, நெல் விளைத்து, பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். போன இடத்திலேயே இருந்துவிட்டவர்களின் கதை கிடையாதா என்று என் மகள் கேட்டாள் அல்லவா? அந்தக் கதை நெடுநாளாகவே இங்கே இருக்கிறது. கும்பகோணத்துத் தெருக்களில் நின்றுகொண்டிருந்த எனக்குத்தான் அது தெரியவில்லை.

நேயர்களே, இந்த நான்கு நாவல்களிலிருந்து நான் பெற்ற கருத்து இதுதான். பிறந்த ஊரைத் தேடி நாவல் படிப்பது தவறன்று. அந்தத் தேட்டம் இல்லாதவன் தமிழ் நாவலைக் கையில் எடுப்பதே அரிது. ஆனால் நாவல் நம்மை ஊருக்கு அழைத்துச் சென்று அங்கேயே விட்டுவிட்டால், அது பாதிப் பயணமே. நாம் வாழும் இடத்துக்கும் அது நம்மைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சிங்காரம் என் ஏக்கத்தை எனக்கே காட்டினார். ராஜேந்திரன், ஏக்கத்தைச் சொல்லவும் ஆள் இல்லாதவர்களைக் காட்டினார். ஜோ டி குருஸ், என் மொழிக்குள்ளேயே நான் அறியாத கரை இருப்பதைக் காட்டினார். அதீன் பந்த்யோபாத்யாய் என் பக்கத்து வீட்டைக் காட்டினார்.

எனவே ஒரு சிறு யோசனை. தமிழகத்தைப் பற்றிய நாவல் ஒன்றைப் படித்தால், அடுத்ததாக, நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலிருந்து தமிழுக்கு வந்த நாவல் ஒன்றையும் படியுங்கள். கேரளத்தில் இருப்பவர்களுக்குத் தகழியின் 'செம்மீன்' இருக்கிறது. சுந்தர ராமசாமி தமிழாக்கியது. கர்நாடகத்தில் இருப்பவர்களுக்குப் பைரப்பாவின் 'பருவம்' இருக்கிறது, பாவண்ணன் தமிழாக்கியது. மராட்டியத்தில் வாழ்வோருக்குக் காண்டேகரின் 'யயாதி'யைக் கா. ஸ்ரீ. ஸ்ரீ. தமிழில் தந்திருக்கிறார். வங்காளத்தில் வாழ்வோருக்குத் தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதன'த்தைத் த. நா. குமாரசாமி தந்திருக்கிறார். படித்து முடித்ததும், அந்த மொழி பேசும் அண்டை வீட்டாரிடம் ஒரே ஒரு சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். என் அனுபவத்தில், அதற்குப் பிறகு தெருவில் வெறுமனே தலையசைத்துவிட்டுப் போவது இயலாது.

என் மகளுக்கு நான் இன்னும் முழு விடை சொல்லிவிடவில்லை. அவள் தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். எழுநூறு பக்க நாவலை அவளாகப் படிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகையால் இரவில் அரை மணி நேரம் நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். தொங்கான் புயலில் சிக்கிய பகுதியை முடித்துவிட்டோம். அடுத்து தர்ப்பூசணி வயலுக்குப் போகிறோம். சென்ற வாரம் அவள் தன் வங்காளத் தோழியிடம், சோனாவின் கதை எனக்கும் தெரியும் என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த மரம், என்ன செய்தி என்று அந்தத் தோழி கேட்டாள்.

இவள் சொன்னாள், "இரு, எங்கப்பா இன்னும் அங்கே வரலை."